சப்பாத்தைக் கழற்றிய இடம்

என் கணவருக்குக் கோபம் வராது. கேட்பவர்களுக்கு இது நல்ல கதையாகத்தான் இருக்கும். கூட இருந்து பார்த்தால்தான் கரைச்சல் தெரியும். கோபக்கார மனுசன் இரண்டு சத்தம் போட்டுவிட்டுச் சோறு கேட்பான். இவர் கவலை வந்தால் வாயை மூடிக்கொள்வார், சோறும் கேட்கமாட்டார். எனக்கோ பயம் வந்தால் வாய் கூடும். தொண்ணூறுகளின் நடுவில் வந்த அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் கதைத்துக்கொண்டிருந்தேன்.

இத்தாலியில், பலேர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில் ஒரு ஒடுங்கிய சந்தின் மேல்மாடியில் இருந்தோம். பல்லாரோ சந்தை மீன்காரர்களின் கத்தல் காலையில் ஜன்னலுக்குள் வரும். இவருக்கு ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. எனக்குப் பொலிதேயாமாப் பக்கம், தனியாக இருந்த ஒரு வயதான சின்யோரா வீட்டில் வேலை. எங்கள் இருவருக்கும் பெர்மெசோ, இங்கே இருப்பதற்கான அனுமதிக் கடதாசி, கிடைத்துவிட்டது. இனி இவருடைய தம்பியையும் எடுத்துவிட்டால் நிம்மதி என்று இருந்தோம். தாய் தகப்பன் போன பிறகு அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தது இவர்தான். நான் கலியாணம் கட்டி வந்த நாளில் "இவன் என்ரை தம்பியில்லை, பிள்ளை" என்றுதான் காட்டினார்.

தம்பி கொழும்பிலிருந்து மொஸ்கோவுக்கு வந்து சேர்ந்திருந்தான். அங்கிருந்து காடுகளுக்குள்ளால் எல்லை எல்லையாகத் தாண்டி எங்களிடம் வரவேண்டும். மார்கழி இருபத்தைந்து, நத்தார் அன்று தொலைபேசி எடுத்தான். இவர்தான் கதைத்தார். நான் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணை, வீட்டுக்குள்ள நல்ல சூடு. பெனியனோடதான் இருக்கிறம். ராத்திரிப் பெடியள் எல்லாம் ஆடினது, ஆடி ஆடிக் கால் நோகுது" என்று சிரித்தான். இவரும் சிரித்தார். மறுகிழமை வெளிக்கிடுகிறோம் என்று சொல்லி வைத்தான்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. காசு வாங்கி அவனை அனுப்பிவைத்த கொழும்பு ஏஜென்சிக்காரனைக் கேட்டால் "பெடியள் காட்டுக்குள்ள நிக்கினம், இண்டைக்கு நாளைக்கு வந்திடுவினம்" என்பான். தை முடிந்தது, மாசி பிறந்தது, அவனுடைய பேச்சு மாறவில்லை. காட்டுக்குள் பனிக்காலத்தில் நிற்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாததைக் கற்பனை செய்வதில் என்னை ஒருவரும் வெல்ல ஏலாது. சமைக்கும்போதும் பெடியன் ஒரு மரத்தடியில் விழுந்து கிடப்பான், சின்யோராவின் சட்டைகளை இஸ்திரி போடும்போதும் கிடப்பான்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, இவர் வாயைத் திறந்தார். "நான் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறன்."

நான் சைவக்காரி, இவர் மன்னார் வேதக்காரர். நேர்த்தி என்பது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சொத்து, அதில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. "நல்லது. என்ன நேர்த்தி?" என்றேன்.

"தம்பி வந்து சேரவேணும் எண்டு, வெறுங்காலோட மலை ஏறிக் கும்பிடப்போறன்."

பலேர்மோவில் நகரத்துப் புனிதையின் மலை இருக்கிறது. எங்கள் ஆட்கள் அடிக்கடி நடந்து ஏறுவார்கள், இவரும் எத்தனையோ தரம் ஏறியவர். அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஏறுங்கோவன், ஆர் வேண்டாம் எண்டது" என்றேன்.

"அந்த மலையில்லை. பனி மலை. உம்மட சின்யோராவின்ரை ஊர் மலை."

சின்யோரா மதோனியே மலைப்பக்கத்து ஊர்க்காரி. அவருடைய ஊருக்கு மேலே, எல்லாம் முடிந்து வெறும் கல் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது என்றும், ஓகஸ்ட் மாதம் ஊரே திரண்டு நடந்து ஏறும் என்றும் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் வந்து இவருக்குச் சொன்னேன். என் வாயாலேயே போன வினை அது.

"உங்களுக்கு என்ன விசரே? அங்கை இப்ப முழங்காலளவு பனி கிடக்குமாம். சப்பாத்தோட போறவனே திரும்பி வாறேல்லையாம்!"

"தம்பி பனிக்குள்ள நடக்கிறான்" என்றார் இவர். "நான் வெய்யிலுக்குள்ள நடந்துபோய்க் கேட்டா மாதா என்னெண்டு கேப்பா?"

பதில் சொல்ல ஏலாத கேள்வியாகப் பார்த்துக் கேட்பதில் இந்த மனுசன் கெட்டிக்காரன். நான் கத்தினேன், அழுதேன், இரண்டு நாள் சமைக்காமல் விட்டேன். அவர் பாண் துண்டை வெறுமனே தின்றுவிட்டு வேலைக்குப் போனார். கடைசியில், "போறதெண்டா நானும் வருவன்" என்றேன். அதைக் கேட்டால் நிற்பார் என்று நினைத்தேன். "சரி" என்றார்.

சின்யோராவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "பாட்ஸி! பாட்ஸி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். விசரர் என்று அர்த்தம். பிறகு அலுமாரியைத் திறந்து, செத்துப்போன தன் கணவனின் மலைச்சப்பாத்தை எடுத்துத் தந்தார். அவர் வேட்டைக்குப் போகிறவராம். ஒருமுறை அந்த மலையில் வழி தவறிக் கால் விறைத்து வந்தாராம். "நோகும்வரைக்கும் பயமில்லை, பிள்ளை" என்று சின்யோரா சொன்னார். "நோவு நிற்கும். அப்போதுதான் பயப்பட வேண்டும்." நான் அந்தச் சப்பாத்தைக் கட்டிப்பிடித்தபடி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

இவருடைய மன்னார்க் கூட்டாளி ஒருவரிடம் பழைய சின்னக் கார் இருந்தது. பகிடிக்கார மனுசன். "அக்கா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, என்ரை காரிலை ஹீட்டர் இருக்கு" என்றார். இருந்தது உண்மைதான், வேலை செய்யவில்லை. நாங்கள் வெளிக்கிட்ட ஞாயிறு விடியற்புறம் கடலோரத்து வீதியில் மழை தூறியது. தோட்டங்களில் தோடம்பழம் மஞ்சளாகக் காய்த்துக் கிடந்தது. இவர் ஒருசந்தி பிடித்திருந்தார்; நேர்த்தி முடியும்வரை தண்ணீர் மட்டும்தான். நான் ரொட்டியும் சம்பலும் கட்டி, ஒரு பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன் டீ ஊற்றி எடுத்திருந்தேன். குளிருக்கு நல்லது என்று முதல்நாள் இவருடைய பாதங்களுக்கு நல்லெண்ணெய் வேறு தேய்த்துவிட்டிருந்தேன். இருந்த கம்பளிச் சட்டைகளையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, கையைக்கூட மடக்க ஏலாமல் பின் சீற்றில் இருந்தேன். எங்களுக்குத் தெரிந்த குளிர் பலேர்மோக் குளிர்தான், அதற்கு நாலு சட்டை போதும்.

மலைக்குத் திரும்பியதும் மழை நின்றுவிட்டது. வீதியோரத்தில் அழுக்குப் பனி கிடந்தது, பிறகு வெள்ளைப் பனி, பிறகு இரண்டு பக்கமும் மதில் மாதிரிப் பனி. ஊரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், பனி தள்ளும் வண்டி திரும்பிப்போன இடத்தோடு வீதி முடிந்தது. கூட்டாளி காரை நிறுத்தி, கதவைத் திறந்து, உடனே மூடினார். "அக்கா, இது குளிரில்லை, இது வேறை என்னவோ" என்றார். அவருடைய முகத்தில் பகிடி இல்லை. இஞ்சினை நிற்பாட்டினால் பிறகு பிடிக்காது என்று அவர் காரிலேயே இருப்பதென்று முடிவானது. மத்தியானத்துக்குப் பிறகும் எங்களைக் காணாவிட்டால் ஊருக்குப் போய் ஆட்களைக் கூட்டிவர வேண்டும்.

யாத்திரைக்காரருக்காக வழி முழுக்க மரச் சிலுவைகள் நட்டிருந்தார்கள். ஒன்றின் அடியில் நின்றால் அடுத்தது தெரியும். வழியே மூடிக் கிடந்தாலும் சிலுவையைப் பார்த்துப் பார்த்துப் போகலாம் என்பது இவருடைய கணக்கு. முதல் சிலுவையடியில் இவர் இருந்து, சின்யோராவின் கணவருடைய சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். சப்பாத்தைக் கயிற்றால் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சிலுவை அடையாளம் போட்டு, பனிக்குள் காலை வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மூச்சு விட்டால் சால்வையில் அது அப்படியே உறைந்து மொரமொரவென்று நிற்கிறது. மூக்குக்குள் ஊசி குத்துகிறது. கண்ணில் தண்ணீர் வந்தால் இமை ஒட்டுகிறது. காற்று ஒரு பக்கமாக வந்து அறைகிறது. நாலு சட்டையும் எங்கே போயின என்று தெரியவில்லை. நான் ஏசிக்கொண்டே நடந்தேன். ஏசினால் வாயாவது சூடாக இருந்தது. இவரை ஏசினேன், ஏஜென்சிக்காரனை ஏசினேன், இந்த மலைக்கு மேல் போய் வீடு கட்டிக்கொண்டிருக்கிற மாதாவையும் ஏசினேன். "உங்கட மாதாவுக்குக் கீழை காணி கிடைக்கேல்லையோ?" என்று கேட்டபோது, செபமாலை சொல்லிக்கொண்டிருந்த மனுசன் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்தது. அடுத்த சிலுவை வரைக்கும்தான் அது நின்றது.

முதலில் அவருடைய கால் நல்ல சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடிப்பது தெரிந்தது. எண்ணெய் பூசிய காலில் பனி ஒட்டி ஒட்டி உறைந்தது. நல்லது செய்கிறேன் என்று நான் செய்த வேலையைப் பாருங்கள். பிறகு பனி ஆழமாகியது. சில இடத்தில் முழங்கால்வரை புதைந்து, நான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. செபமாலைச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. "அருள் நிறைந்த" என்று தொடங்கி நிற்பார், மறுபடி "அருள் நிறைந்த" என்பார். ஒருநாளும் சாப்பாட்டுக்கு முன் செபம் பிழைக்காத மனுசன். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. பிளாஸ்கைத் திறந்து, "ஒரு வாய் குடியுங்கோ" என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினார்.

அப்போது மேலேயிருந்து வெண்புகை மாதிரிப் புகார் இறங்கியது. ஒரு சிலுவையடியில் வந்து நின்று பார்க்கிறோம், அடுத்த சிலுவையைக் காணவில்லை. வெள்ளைக்குள் வெள்ளை. எது நிலம் எது வானம் என்று தெரியவில்லை. பக்கத்தில் பள்ளம் இருந்தாலும் தெரியாது.

"திரும்புவம்" என்றேன்.

"கிட்டத்தான்" என்றார். "இப்ப சுகமாயிருக்கு. கால் நோகேல்லை."

"என்ன?"

"நோகேல்லை. மாதா நோவை எடுத்திட்டா." சொல்லும்போது நாக்குக் குழறியது. சந்தோசமாகச் சொன்னார், அதுதான் என்னைக் கொன்றது.

குனிந்து பார்த்தேன். சிவப்பு இல்லை. மெழுகு மாதிரி வெள்ளையாக, அவருடைய காலே இல்லாத மாதிரி இருந்தது. தொட்டேன், நான் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. சின்யோராவின் குரல் காதுக்குள் கேட்டது. கடவுளே, தம்பிக்காக வந்து நான் இவரைப் பறிகொடுக்கப்போகிறேன் என்று நினைத்தேன். சப்பாத்தைப் போடுங்கோ என்று கத்தினேன், கழுத்திலிருந்து பறித்தேன், அவர் பறித்து மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு அடி முன்னே வைத்தார். புகாருக்குள் முதுகு பாதி மறைந்தது.

நான் பனிக்குள் குந்தினேன். என் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினேன். விரல்கள் சொல்வழி கேட்கவில்லை, பல்லாலும் இழுத்தேன். ஒன்றைக் கழற்றி எறிந்தேன், காலுறையை எறிந்தேன். மற்றதையும்.

இவர் திரும்பிப் பார்த்தார். "என்ன செய்யுறீர்?"

"நீங்கள் தம்பிக்காக நடக்கிறியள். நான் உங்களுக்காக நடக்கிறன். நடவுங்கோ, பாப்பம்."

"விசர் வேலை பார்க்காதையும். போடும் சப்பாத்தை!"

"எனக்காக நடக்க ஆர் இருக்கினம் எண்டு யோசிச்சுப்போட்டு நடவுங்கோ" என்று சொல்லி எழும்பிக் காலை வைத்தேன். ஐயோ, அந்த நோவு! நெருப்புச் சட்டிக்குள் வைத்த மாதிரி இருந்தது. நான் கத்தியது எனக்கே வேறு ஆளின் சத்தமாகக் கேட்டது. இரண்டாம் அடி வைத்தேன். மூன்றாவது வைக்கவிடாமல் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

அழுதார். கலியாணம் கட்டி அத்தனை வருசத்தில் அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். முழங்காலில் நின்று என் கால்களைத் துடைத்து, நான் எறிந்த காலுறையையும் சப்பாத்தையும் தேடி எடுத்து மாட்டினார். பிறகு நான் அவரை இருத்தி, அவருடைய இரண்டு பாதத்தையும் என் சட்டைகளுக்குள்ளே விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். இரண்டு மீனை வைத்தது போல் இருந்தது. அப்படியே இருந்து பிளேன் டீயைக் குடிக்கப் பண்ணினேன். அவர் குடித்துவிட்டு, "அரைவாசியிலை விட்டா அவனுக்குத்தான் கூடாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உடனே தீர்க்க ஏலாத நேர்த்தி என்றால் ஒரு காசைத் துணியில் முடிந்து சாமிக்கு முன்னால் வைப்போம். மறக்கவில்லை, கொஞ்சம் பொறு என்று சொல்வதற்குத்தான். முகம் துடைக்கிற என் லேஞ்சியில் ஒரு லீராக் காசை வைத்து, உணர்ச்சி கெட்ட விரலாலும் பல்லாலும் முடிந்து, அந்தச் சிலுவையின் கையில் இறுக்கிக் கட்டினேன். "அம்மா, மிச்சத்தைப் பேந்து வந்து நடப்பம். பெடியனிலை சாட்டிப்போடாதை" என்று சத்தமாகச் சொன்னேன். வேதக்காரருடைய மாதாவுக்குச் சைவக்காரியின் முடிச்சு. இவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் காலில் சப்பாத்தைப் போடவிட்டார்.

இறங்கும்போது எங்கள் அடித்தடங்களைப் பார்த்துத்தான் வந்தோம். காற்று அவற்றையும் மூடிக்கொண்டு வந்தது. ஒரு இடத்தில் தடம் இல்லாமலே போய்விட்டது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றோம். அவர் என் தோளில் முழுப்பாரத்தையும் போட்டிருந்தார். காலுக்கு உணர்ச்சி திரும்பத் திரும்ப முனகினார், அந்த முனகலைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்போது கீழே எங்கோ கார் ஹோர்ன் கேட்டது. கூட்டாளி புகாரைக் கண்டு பயந்து, விடாமல் அமத்திக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

"அக்கா, கோயிலைக் கண்டியளோ?" என்று ஓடிவந்து கேட்டார்.

"கண்டம், உம்மட ஹோர்ன்தான் கோயில்" என்றேன். பிறகு காருக்குள் ஏறி, வீடு வரும்வரை நடுங்கினேன்.

இவருடைய கால் வீங்கிக் கொப்பளித்துத் தோல் உரிந்தது. பார்த்த டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் விரல்களை வெட்டியிருக்க வேண்டும் என்று ஏசினார். இவர் விரல்களைப் பற்றி யோசிக்கவில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். மறுபடி வாயை மூடிவிட்டார். எனக்கும் அந்தமுறை வாய் கூடவில்லை. திருப்பியது நான்தானே? தம்பி வராவிட்டால் இந்த மனுசன் இனி என் முகத்தைப் பார்த்து எப்படி ஒரு வாய் சாப்பிடுவார்? அந்த நாட்களில் தொலைபேசி அடித்தால் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவருவேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒருநாள் அடித்தது. "அண்ணை, நான்தான். ஒஸ்ரியாவிலை நிக்கிறன். சுகமாயிருக்கிறன்." இவர் தொலைபேசியைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். நான் சாமியறை இல்லாத வீட்டில் எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டேன்.

வெய்யில் ஏறிவிட்ட மாதத்தில் பலேர்மோ ஸ்டேசனில் வந்து இறங்கினான். மெலிந்து, தாடி வைத்து, அதே சிரிப்போடு. கொஞ்சம் நொண்டினான். "ரயிலிலை இருந்து கால் விறைச்சுப்போச்சு" என்றான். நம்பினோம். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தான். அந்த வெக்கையில் ஏன் காலுறை என்று நான் கேட்கவில்லை. அவன் குளிக்கப் போனதும் சப்பாத்தை ஓரமாக வைக்கலாம் என்று தூக்கினேன். இடது சப்பாத்தின் முன்பக்கத்தில் பத்திரிகைத்தாள் அடைத்திருந்தது. அடைத்து அடைத்து, மிதித்து இறுகிப்போன தாள்.

நான் நிமிர்ந்தபோது இவர் பக்கத்தில் நின்றார். என் கையிலிருந்து சப்பாத்தை வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். திருப்பி வைத்தார். தம்பி தலை துவட்டிக்கொண்டு வந்தபோது இரண்டு பேரும் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தோம். அவன் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை.

குசினியில் என்னிடம் மட்டும் இவர் மெதுவாகச் சொன்னார். "நான் அண்டைக்கு மிச்சத்தையும் நடந்திருந்தா அவன்ரை கால் முழுசா வந்திருக்கும்."

ஒரு அடி அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது. என்னைக் குற்றம் சொல்லவில்லை, தன்னைத்தான் சொன்னார். ஆனால் அவரைத் திருப்பிக் கூட்டிவந்தது என் வெறுங்கால். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருந்தும் அவர் என்னை விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்.

ஓகஸ்டில் மிச்சத்தை நடக்கப் போனோம். தம்பி தானும் வருகிறேன் என்று நின்றான். ஏன் என்று அவனுக்குச் சொல்லவில்லை; சின்யோராவின் ஊர்த் திருநாள் என்றுதான் சொன்னோம். பனி கிடந்த இடமெல்லாம் முள்ளும் கல்லும் வெட்டுக்கிளியும். சிலுவை சிலுவையாக, அவனுடைய நொண்டலுக்கு ஏற்ற மாதிரி நடந்தோம். அந்தச் சிலுவையில் என் லேஞ்சி வெளிறிப்போய் அப்படியே தொங்கியது. அத்தனை சனம் ஏறிப்போயும் ஒருவரும் தொடவில்லை. அங்கே நின்று நிமிர்ந்தால், கூப்பிடு தூரத்தில் கோயில்.

இவ்வளவு கிட்டவா! இவர் கோயிலைப் பார்த்தார், பிறகு தம்பியின் காலைப் பார்த்தார். ஒரு கல்லில் இருந்து தன் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

"என்ன அண்ணை, இஞ்சை ஏன் கழட்டுறாய்?" என்றான் தம்பி.

இவர் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். நேர்த்தி, பனி, புகார், நான் காலை வைத்தது, முடிச்சு. கடைசியாக, "நான் இதிலை திரும்பினதாலைதான் உன்ரை விரல் போச்சு" என்றார்.

தம்பி லேஞ்சியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு பலமாகச் சிரித்தான். "உனக்கு விசர் அண்ணை. விரல் எப்ப போனது எண்டு உனக்குத் தெரியுமே? நத்தாருக்கு முதலே போட்டுது. மொஸ்கோவிலை முதல் பனியிலையே போட்டுது. நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சை ஏறேக்கை என்னட்டை எடுக்க ஒண்டும் இல்லை. சப்பாத்தைப் போடு."

நத்தாருக்கு முதல் விரல் போன பெடியன், நத்தார் அன்று ஆடி ஆடிக் கால் நோகுது என்று சொல்லியிருக்க மாட்டான். நான் வாயைத் திறந்தேன். தம்பி என்னைப் பார்த்தான். அண்ணி, பேசாமல் இருங்கோ என்று அந்தக் கண் சொன்னது. என் வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் வாயை மூடியது அன்றுதான்.

ஆனால் அந்தத் தொலைபேசியில் கதைத்தது இவர்தானே. தம்பியோடு சேர்ந்து சிரித்ததும் இவர்தானே.

இவர் சப்பாத்துக் கயிற்றைக் கையில் பிடித்தபடி அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஓமோ?" என்றார்.

"ஓம்" என்றான்.

இவர் குனிந்து சப்பாத்தை மறுபடி மாட்டிக் கயிற்றைக் கட்டினார். எழும்பி, வெளிறிய லேஞ்சியை அவிழ்த்து என் கையில் தந்தார். தரும்போது என் கையை விடவில்லை. மூன்று பேரும் சப்பாத்தோடு நடந்து கோயில் வாசலுக்குப் போனோம். அங்கே, எங்கள் வழக்கப்படி, உள்ளே போக முன்னம் கழற்றினோம். ஊர்ச்சனம் புதினமாகப் பார்த்தது. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு காலுறையையும் கழற்றினான். இவர் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு அவனுடைய சப்பாத்தை எடுத்துத் தன்னுடையதற்குப் பக்கத்தில், நிழலில் வைத்தார்.